மாப்பிள்ளை மரியாதை

எங்கள் மேனேஜருக்கு நாற்பது தங்கைகள். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. எல்லாம் சம்பளத்துக்கு வந்தவர்கள். வேலைக்குச் சேரும் அன்றே, "சார்னு கூப்பிடாதீங்க, அண்ணான்னு கூப்பிடுங்க. இங்க வேலை பாக்குற ஒவ்வொரு பொண்ணும் எனக்குத் தங்கச்சிதான்" என்று சொல்லிவிடுவார். சொல்லும்போது கண் கலங்கும். அது நடிப்பாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. நடிக்கிறவனுக்கு எப்போதாவது அலுப்பு வரும், விட்டுவிடுவான். இவர் மனசார அண்ணன்.

அவர் எங்களுக்கு அண்ணன் என்றால் எங்கள் புருஷன்மார் அவருக்கு மாப்பிள்ளைகள். யாருடைய வீட்டுக்காரராவது கூட்டிப்போக கேட் பக்கம் வந்துவிட்டால் போதும், மனுஷன் எழுந்து ஓடுவார். "மாப்ளே, ஏன் வெயில்ல நிக்கிறீங்க?" என்று ஏசி ரூமுக்குள் உட்காரவைத்து, டீ வரவழைத்து, ஃபேனையும் அவர் பக்கம் திருப்பிவைப்பார். நாங்கள் டீ குடிப்பது சைக்கிள் ஷெட்டில். தங்கச்சிகளுக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது.

எங்களுடையது ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் துணி துவைத்துக் கொடுக்கிற லாண்டரி. கட்டடத்தைக் குறுக்கே ஒரு சுவர் பிரிக்கிறது. அந்தப் பக்கம் அழுக்குப் பக்கம். ரத்தமும் வாந்தியுமாக விரிப்புகள் மூட்டை மூட்டையாக வேனில் வந்து, பின்பக்க ஷட்டர் வழியாக அங்கே இறங்கும். அங்கே பிரித்து மெஷினில் போடுவார்கள். மெஷினுக்குச் சுவரின் இரண்டு பக்கமும் வாய் உண்டு. துவைத்ததை இந்தப் பக்கம் நாங்கள் எடுப்போம். கிருமி இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது என்பதற்காக நடுவில் ஒரே ஒரு கதவு, அதன் தாழ்ப்பாளும் எங்கள் பக்கத்தில். வேன் இல்லாத நேரத்தில் ஷட்டர் மூடியிருக்கும். அழுக்குப் பக்கம் இருப்பவர் வெளியே வர வேண்டுமென்றால் கதவைத் தட்டுவார், நாங்கள் திறந்துவிடுவோம். பல வருஷமாக இதுதான் வழக்கம். யாருக்கும் இதில் தப்பு தெரியவில்லை.

நான் உருளை மெஷினில் நிற்பவள். ஈர விரிப்பின் ஒரு மூலையை நான் பிடிப்பேன், மறு மூலையை இன்னொருத்தி பிடிப்பாள். அவளுக்கு எதிர்மூலை என்றே பெயர் வைத்துவிட்டோம். இருவரும் இழுத்து விரித்துக் கொடுத்தால் கொதிக்கிற உருளை அதை உள்ளே வாங்கி, காயவைத்து, தேய்த்து மறுபக்கம் தள்ளும்.

பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுப்பது பற்றி எல்லாக் கிளைகளிலும் வகுப்பு நடத்த வேண்டும் என்று தலைமை அலுவலகம் ஒருமுறை உத்தரவு போட்டது. அண்ணனே நடத்தினார். பெண்களை மட்டும் கூப்பிட்டார். டிரைவர்கள், பாய்லர் ஆட்கள், மூட்டை தூக்குகிறவர்கள் யாரும் வரவில்லை. "ஆம்பளைங்களுக்கு எதுக்கும்மா இந்தக் கிளாஸ்? பாவம், அவங்களுக்கு வேலை கெடக்கு" என்றார். பிறகு, அடி வாங்காமல் இருப்பது எப்படி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். களைத்து வருகிறவரிடம் வீட்டுப் பிரச்சினையை உடனே எடுக்கக் கூடாது. எதிர்த்துப் பேசத் தோன்றினால் தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு வந்தால் அன்றைக்கு வாயே திறக்கக் கூடாது. "குடிதான்மா அடிக்குது. மனுஷன் அடிக்கிறதில்ல" என்றார். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். எங்கள் கிளைக்குப் பாராட்டு வந்தது.

என் தங்கை அப்போது சுத்தப் பக்கத்தில் மடிப்பு மேஜையில் இருந்தாள். என்னைவிட ஆறு வயது சின்னவள், என்னைவிடப் பத்து மடங்கு பொறுமைசாலி. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நான் அவனுக்கு வைத்த பெயர் பூனை. நடந்தால் சத்தம் கேட்காது, பேசினால் பக்கத்தில் போய்க் காது கொடுக்க வேண்டும். பீடி, குடி, சீட்டு ஒன்றும் கிடையாது. அடிக்கும்போதும் குரலை உயர்த்த மாட்டான். "நீ ஏன் என்னை இப்படிச் செய்ய வைக்கிறே?" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே அடிப்பான். துணி மறைக்கிற இடமாகப் பார்த்து அடிப்பான். ஒருநாள் அவளைத் தலையணையால் அமுக்கினான். அன்றைக்கு அவள் செருப்புகூடப் போடாமல் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பிறகு நாங்கள் வீடு மாறினோம். அவனுக்கு அவளைப் பிடிக்க மிச்சமிருந்த ஒரே இடம் லாண்டரிதான்.

அதனால்தான் இரண்டு பேரும் அண்ணன் ரூமுக்குப் போனோம். தங்கை கேட்டது ஒன்றே ஒன்று.

"அண்ணா, அவர் வந்தா உள்ள விடாதீங்க. நான் எந்தப் பக்கம் இருக்கேன், எப்ப வர்றேன், எப்ப போறேன், எதுவும் சொல்லாதீங்க. அவர் என்னைக் கொன்னுடுவாரு அண்ணா."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குடிப்பாரா?"

"குடிக்க மாட்டாரு."

"ஒரு சொட்டுகூடவா?"

"இல்லண்ணா."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். பெரிய வியாதியோ என்று பயந்து வந்தவளிடம் சாதாரண ஜலதோஷம்தான் என்று சொல்லப்போகிற டாக்டர் மாதிரி இருந்தது அந்த முகம். "சரிம்மா, நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்" என்றார்.

அடுத்த நாளே அவளை அழுக்குப் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்.

நான் நேரே போய் நின்றேன். "அடிச்சவன் ஜாலியா லிஃப்ட்டுல ஏறி இறங்கிட்டு இருக்கான். இவளுக்கு எதுக்குண்ணா தண்டனை? அங்க ஆஸ்பத்திரி விரிப்புல கெடக்குற ஊசி குத்தும், நாத்தம் குடலைப் பிடுங்கும்."

"தண்டனை இல்லம்மா, பாதுகாப்பு. அங்க ஆம்பளை யாரும் கிடையாது. வேன் வரும்போது மட்டும்தான் ஷட்டர் திறக்கும். யார் கண்ணுலயும் பட மாட்டா." இதில் நான் எதற்குக் கத்துகிறேன் என்று அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு தங்கை போனாள். முழங்கை வரை கையுறை, முகத்துக்கு மாஸ்க், நாள் முழுக்கத் தனியாக அடுத்தவர்களின் ரத்தத்தைப் பிரித்துப் போடும் வேலை. சாப்பாட்டு நேரத்தில் கதவைத் தட்டுவாள், நான் திறப்பேன். "அங்க நிம்மதியா இருக்குக்கா" என்று ஒருநாள் சொன்னாள்.

பூனை வந்தான். வாட்ச்மேன் நல்ல மனுஷன், நாங்கள் சொல்லிவைத்தபடி கேட்டிலேயே நிறுத்திவிட்டார். இவன் சண்டை போடவில்லை. எதிர்ப்பக்கம் வெயிலில் கைகட்டி நின்றான். அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். வந்திருப்பது யார் என்று விசாரித்தார், அவ்வளவுதான், வாட்ச்மேனுக்கு விழுந்தது திட்டு. "ஒரு குடும்பஸ்தனை இப்படியா நிக்க வைக்கிறது? நாகரிகம் வேணாமா?"

பிறகு ஏசி ரூம், டீ, ஃபேன். என்னையும் கூப்பிட்டு விட்டார்கள். நான் போனபோது பூனை அழுதுகொண்டிருந்தான். சத்தமில்லாத அழுகை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பாரும்மா. ஒரு ஆம்பளை, அடுத்தவன் முன்னாடி உக்காந்து அழுறார். எவ்வளவு உடைஞ்சு போயிருந்தா அழுவார்?"

"என் தங்கச்சி தினம் அழுதாளே, அப்ப யாரு அவ முதுகைத் தடவினா?" என்றேன்.

அண்ணன் முகம் சுருங்கியது. "கூடப் பிறந்தவளே இப்படிப் பேசினா குடும்பம் எப்படிம்மா ஒண்ணு சேரும்?" என்றார். பூனை தலையைக் குனிந்துகொண்டே, "விடுங்கண்ணா, அக்காவுக்கு என்மேல கோபம் இருக்கத்தான் செய்யும்" என்றான். அண்ணன் உருகிவிட்டார். அவன் கேட்காமலே, என் கண் முன்னாலேயே, ஒப்பித்தார். "கவலையே படாதீங்க மாப்ளே. உங்க வீட்டுப் பொண்ணைப் பத்திரமா வச்சிருக்கேன். அழுக்குப் பக்கம், தனி ரூம். ஒரு ஆம்பளை காத்து படாது. ஒரே கதவு, தாழ்ப்பாளும் நம்ம பக்கம்."

அவன் நிமிர்ந்து பார்த்து நன்றி சொன்னான். அந்த நன்றியில் மட்டும் பொய்யே இல்லை.

சைக்கிள் ஷெட்டுக்குப் போய்த் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். பெண்கள் பாதுகாப்பைப் பார்க்கிற மேடம் ஒருவர் எடுத்தார். குரல் தங்கமாக இருந்தது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அவர் கம்பெனிக்குள்ள வச்சு ஏதாவது பண்ணினாரா?" என்றார்.

"இன்னும் இல்ல மேடம்."

"அப்ப அது குடும்ப விஷயம்மா. நாம தலையிட முடியாது. உள்ள ஏதாவது நடந்தா உடனே சொல்லுங்க, கடுமையா நடவடிக்கை எடுப்போம்."

அன்று மாலையே தங்கையிடம் வேலையை விட்டுவிடு என்றேன். "எங்க போனாலும் வருவாருக்கா. எத்தனை இடம்தான் ஓடுறது? இங்க நீயாவது கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கே" என்றாள். நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. நான் இருக்கிறேன் என்று நானும் நம்பினேன்.

அது நடந்தது நல்ல பகல் நேரம். எல்லா மெஷின்களும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணன் பூனையைக் கூட்டிக்கொண்டு சுத்தப் பக்கம் வழியாக வந்தார். சுத்தப் பக்கத்துக்குள் வருகிற வெளியாட்கள் தலைக்குக் காகிதத் தொப்பியும் காலுக்கு நெகிழி உறையும் போட வேண்டும் என்று விதி. அந்த விதியை அண்ணன் ஒருநாளும் மீறியதில்லை. தானே குனிந்து மாப்பிள்ளைக்கு உறை எடுத்துக் கொடுத்தார். "தொப்பி உங்களுக்கு அம்சமா இருக்கு மாப்ளே" என்று ஜோக் வேறு. மடிப்பு மேஜைக்காரிகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

என் கையில் ஈர விரிப்பின் மூலை. அண்ணன் தாழ்ப்பாளை விலக்கினார், அவனை உள்ளே அனுப்பினார், "மனசு விட்டுப் பேசுங்க" என்றார், மறுபடி தாழ் போட்டார். பிறகு கதவுக்கு முதுகைக் காட்டிக் கைகட்டி நின்றுகொண்டார். யாரும் போய்த் தொந்தரவு செய்துவிடக் கூடாது அல்லவா.

விரிப்பை விட்டுவிட்டு ஓடினேன். ஓடும்போது, எல்லா மெஷின்களையும் நிறுத்துகிற சிவப்புக் கயிற்றை இழுத்தேன். உருளை நின்றது. உள்ளே பாதி போயிருந்த விரிப்பு கருக ஆரம்பித்தது.

"அண்ணா, கதவைத் திறங்க!"

"அடுத்தவங்க துணி கருகுதும்மா, பாரு!"

"கதவைத் திறங்கண்ணா!"

"புருஷன் பொண்டாட்டி பேசிக்கிறாங்க. நடுவுல உனக்கென்ன வேலை?"

அப்போது உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. சாப்பாட்டு நேரத்தில் அவள் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டு. அப்புறம் உள்ளங்கையால் அறைகிற சத்தம். அப்புறம் கீழே, கதவின் அடிப்பக்கத்தில், காலால் உதைக்கிற சத்தம்.

"கேளு, கோபத்தையெல்லாம் கொட்டுறா" என்றார் அண்ணன். "கொட்டட்டும். சமாதானம் ஆகும்போது சத்தம் வரத்தான் செய்யும்."

நான் திரும்பிப் பார்த்தேன். மெஷின் நின்ற அமைதியில் எல்லாத் தங்கச்சிகளும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். எதிர்மூலை மட்டும், "வாடி, அண்ணன் இருக்காருல்ல, பாத்துக்குவாரு" என்று என் தோளைப் பிடித்தாள். உதைக்கிற சத்தம் குறைந்துகொண்டே வந்தது. நான் அண்ணனின் கையைக் கடித்தேன். சதை வாயில் வருகிற அளவுக்குக் கடித்தேன். அவர் அலறிக்கொண்டு விலகினார். தாழ்ப்பாளைத் திறந்தேன்.

பூனை வாசலிலேயே நின்றான். மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். "சொல்லிப் பார்த்தேண்ணா. கேக்க மாட்டேங்கிறா" என்றான் மெதுவாக. அண்ணன் ரத்தம் வடிகிற கையைப் பிடித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், அவனுக்கு வழி விட்டார். அவன் உறைகளைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, கேட் வழியாக நடந்து போனான். வாட்ச்மேன் தடுக்கவில்லை. மாப்பிள்ளைகளைத் தடுக்கக் கூடாது என்று அவருக்குத்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்களே.

தங்கை அழுக்கு விரிப்புகளுக்கு நடுவில் கிடந்தாள். கழுத்தில் ஒரு விரிப்பு முறுக்கிச் சுற்றியிருந்தது. அதைப் பிரிக்க எனக்கு விரல் வரவில்லை. பல்லால் இழுத்தேன்.

உயிர் இருந்தது. குரல் போய்விட்டது. தொண்டைக்குள் ஏதோ குருத்தெலும்பு நசுங்கிவிட்டதாம். இனிமேல் காற்று மட்டும்தான் வரும் என்றார் டாக்டர். போலீஸ் அவனைப் பிடித்தது. கொஞ்ச நாளில் ஜாமீனில் விட்டது. அவனுக்கு ஜாமீன் கேட்டுக் கோர்ட்டில் பேசியவர்கள் சொன்ன முதல் விஷயம், குடிப்பழக்கம் இல்லாதவர் என்பது.

கம்பெனிக்குள் நடந்துவிட்டது அல்லவா, அதனால் அந்த மேடம் சொன்னபடியே விசாரணைக்கு வந்தார்கள். கடுமையாகவும் நடவடிக்கை எடுத்தார்கள். பணியிடத்தில் வன்முறையில் ஈடுபட்டதாக ஒரே ஒரு ஆள்மேல் குற்றம் நிரூபணம் ஆனது. அது நான். கடித்ததற்குச் சாட்சிகள் இருந்தார்கள், தையல் இருந்தது, போட்டோ இருந்தது. பூனை கம்பெனி ஊழியர் இல்லை, அவர்மேல் நடவடிக்கை எடுக்க விதியில் இடமில்லை என்றார் மேடம். அண்ணன் நல்லெண்ணத்தில் செய்தார், இனி கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டார். என்னை வேலையை விட்டு எடுத்தார்கள். தங்கையையும் எடுத்தார்கள். அவள் இருந்தால் அவன் மறுபடி வருவான், மற்றப் பெண்களுக்கு ஆபத்து, ஆகவே தடுப்பு நடவடிக்கையாம். நோய் வந்தவளைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, ஊருக்கே நோய் தீர்ந்தது என்று கை கழுவுகிற வைத்தியம். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் யாரையாவது கடிக்க வேண்டும் போலிருக்கிறது.

நாங்கள் மறுபடி வீடு மாறினோம். இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை. தங்கையின் கடைசிச் சம்பளத்துக்கான காகிதங்களை அனுப்ப விலாசம் வேண்டும் என்று மேடம் கேட்டபோது, வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று மூன்று தடவை சொல்லிக் கொடுத்தேன். "நிச்சயமாம்மா, ரகசியமா வச்சுக்குவோம்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வந்து கதவைத் தட்டினார். கையில் காகித உறை, ஒரு பை நிறையப் பழம்.

"கூரியர்ல அனுப்புறது என்னம்மா மரியாதை? நம்ம தங்கச்சி, நாமளே போய்க் குடுப்போம்னு மேடம்கிட்ட விலாசம் வாங்கிட்டு வந்தேன்."

உள்ளே விடாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் கையெழுத்து வாங்காமல் போகப்போவதில்லை, அந்தப் பணம் எங்களுக்கு வேண்டியிருந்தது. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் என் பல் பதிந்த தழும்பு தெரிந்தது. "உன்மேல எனக்குக் கோபமே இல்ல. தங்கச்சிதானே கடிச்சே" என்று சிரித்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். காற்றோட்டமாக இருக்கிறது என்றார், பின்னால் அடுப்படிக்குத் தனிக் கதவும் படிக்கட்டும் இருப்பது வசதி என்றார். தங்கை கையெழுத்துப் போட்டாள். கழுத்தில் சுற்றியிருந்த துணியை அவர் பார்க்கவே இல்லை.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். அவர் அருகில் குனிந்து, காற்றாக வந்த குரலில் கேட்டாள். "அண்ணா, நான் இங்க இருக்கிறது அவருக்குத் தெரியுமா?"

அண்ணன் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறந்தநாள் பரிசை முன்னாலேயே கண்டுபிடித்துவிட்ட பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரி ஒரு செல்லச் சலிப்பு.

"சொல்லக் கூடாதுன்னு நினைச்சேன். கீழ என் கார்லதான் உக்காந்திருக்கார். உன் கால்ல விழுந்து மன்னிப்பு கேக்கணும்னு சொல்றார். பாவம், ராத்திரியெல்லாம் தூங்கலையாம். முதல்ல நான் வந்து பேசிட்டு அப்புறம் கூப்பிடுறேன்னு சொல்லியிருக்கேன்."

நான் பாய்ந்து முன்கதவைத் தாழ் போட்டு, முதுகைக் கொடுத்து நின்றேன். படிக்கட்டில் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. அவன் நடந்தால் சத்தம் கேட்காது. அடுத்த நொடி என் முதுகுக்குப் பின்னால், மரியாதையாக, விரல் கணுவால் தட்டுகிற சத்தம்.

"அண்ணா, வரலாமா?"

"திறம்மா" என்றார் அண்ணன். "வந்தவரை வாசல்ல நிக்க வைக்கக் கூடாது."

"செத்தாலும் திறக்க மாட்டேன்."

அவர் என்னோடு மல்லுக்கட்டவில்லை. ஒருமுறை கடிபட்டவர் அல்லவா. தலையை ஆட்டிக்கொண்டு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "மாப்ளே, இவங்க ரெண்டு பேரும் விளையாடுறாங்க. நீங்க பின்பக்கமா வாங்க. அடுப்படிக் கதவு திறந்துதான் இருக்கு."

தங்கை அடுப்படியை நோக்கி ஓடினாள். நானும் கதவை விட்டு ஓடினேன். வழியில் நாற்காலியும் அண்ணனின் நீட்டிய கால்களும் இருந்தன. அவற்றைத் தாண்டுவதற்குள் அடுப்படியில் பாத்திரங்கள் விழுந்து உருண்டன. தங்கையிடமிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. அவளால் கத்த முடியாது.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்தபடி, "பாத்தியா, எவ்வளவு ஆசையா ஓடி வந்துட்டார்" என்றார்.